இரண்டாவது பொட்டலம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவன் நான்தான். ஒரே ஒரு சொல்: "பாத்தேன்."

ஐந்து வருடத்துக்கு முன்னால், 2004 கார்த்திகையில், சேவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் வாசலில் நின்று சொன்னேன். உண்மையில் நான் எதையும் பார்க்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ஒரு பெண் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அன்றிலிருந்து அவளை எங்கே பார்த்தாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு முள்.

என் பெயர் தவசி. சாத்தூர்ப் பக்கத்துக்காரன், குடியிருப்பது திருப்பூர் மண்ணரையில். ஒரு பையிங் ஆபீசில் கியூ.சி. வெளிநாட்டுக்குப் போகிற பனியன்களைக் கப்பலேறும் முன் பார்த்து, சரக்கு சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள், பார்க்காமல் சொன்ன கதை இது.

இந்த வருடம் ஆர்டர் குறைவு. எழுத நேரம் இருக்கிறது. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

2

தொடக்கம் ஒன்று: "நொய்யல் அன்று ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டி..."

நிறுத்திவிட்டேன். திருப்பூரைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் நொய்யலின் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். என் கதைக்கு ஆறு தேவையில்லை.

தொடக்கம் இரண்டு: "காதல் என்பது..."

என் மனைவி கருத்தம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதப்பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "சித்ரகலா சிரித்து யாரும் பார்த்ததில்லை."

இது நன்றாக இருந்தது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் சித்ரகலா சிரித்தால் செக்கிங் டேபிள் அதிரும். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவென்று எழுதும் கதையை இன்னொரு பொய்யில் தொடங்க மனம் வரவில்லை. ஆகவே தொடக்கம் இல்லாமலே போகலாம்.

3

சித்ரகலாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. நான் அடிக்கடி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். (நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதையில் 'அவள்' என்று எழுதிவிட்டேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்ததில் அரசாங்க விண்ணப்பம் மாதிரி இருந்தது.) தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று அவள் கண் ஓடுவதற்கு மூன்று மூச்சு நேரம் ஆகும். அதற்குள் விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஓட்டை எல்லாம் அகப்பட்டுவிடும்.

அவளுக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்: "பத்துப் பொருத்தத்துல ஒம்பது இருந்துச்சுங்க சார். நாலாவது வருசம் போயிட்டாருங்க." போனவன் திரும்பவில்லை. கோர்ட்டில் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடுவதில்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்த கதவைத் திரும்பி வந்து இழுப்பாள்.

4

இப்போது ஆறுச்சாமி. இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதே கம்பெனியில் துணி இன்சார்ஜ். மடத்துக்குளத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது, மனைவி இறந்து ஆறு வருடம். அதிர்ந்து பேசமாட்டார். சத்தம் போடும் ஓனரிடமும் "சரிங்க" என்றே சொல்வார். இப்படி ஒரு ஆளைக் கதையில் வைத்தால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று முதல் வடிவத்தில் பீடி கொடுத்தேன். இரண்டாவது வடிவத்தில் லாட்டரிச் சீட்டு கொடுத்தேன். படித்துக் காட்டியபோது கருத்தம்மா, "பாவம், அந்த மனுசன் ஒங்கள என்ன பண்ணுனாரு?" என்றாள். இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன். இருக்கிறபடியே இருக்கட்டும். நல்லவர்களும் சில கதைகளில் வரத்தான் வேண்டும்.

அவர் வேலையில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். ஜி.எஸ்.எம். கட்டர் என்று ஒரு கருவி உண்டு. துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் வெட்டுப்பட்டு வரும். அதைத் தராசில் வைத்தால் துணியின் கனம் தெரிந்துவிடும். அந்த வட்டத்தின் எடை நமக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அதை யாரும் உடுத்த முடியாது. அது குப்பைக்கூடைக்குப் போகும்.

5

அவர் கேட்டது டீ நேரத்தில். நான் பக்கத்து மேசையில் காலர் அளந்துகொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காது இருந்தது.

"ஏனுங்க அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நாம ரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா? ஞாயித்துக்கெழம சமையல் நாஞ் செஞ்சர்றேனுங்க."

இதற்கு முன்னால் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது, எத்தனை நாள் நடந்தது, எனக்குத் தெரியாது. கற்பனை செய்து எழுதலாம். "அன்று அவள் கண்களில்..." என்று ஒரு வாக்கியம் தொடங்கிப் பார்த்தேன். அன்று நான் பார்த்தது இருநூறு பனியன். யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை.

சித்ரகலா டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைசி வரைக்கும் இப்பிடியே இருப்பீங்களா? உறுதியாச் சொல்லுங்க."

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார் ஆறுச்சாமி. நான் அளப்பதை நிறுத்தினேன். "ஒரு ரோலுக்கு ஒரு வட்டந்தானுங்க வெட்டிப் பாக்கறோம். மிச்சத்த நம்பித்தான விரிக்கறோம்? உறுதியா வேணும்னு ரோல் முழுக்க வட்டம் வட்டமா வெட்டிட்டா, அப்பறம் பனியன எதுலீங்க தெக்கறது?"

"துணியும் மனுசனும் ஒண்ணுங்களா?"

"இல்லீங்க. துணிக்கு ஒரு வட்டமாச்சும் வெட்டிப் பாக்கலாம்."

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். ஆனால் அன்று மாலை அவள் பாஸ் செய்த பனியன்களில் ஒரு நூல்பிசிறை நான் கண்டுபிடித்தேன். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

6

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மடத்துக்குளம் போனாள். ஆறுச்சாமியின் தெருவில் நூற்றிருபது வீடு. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அட்டவணைப்படி நூற்றிருபதுக்கு இருபது பார்க்க வேண்டும். இருபது பேரிடம் விசாரித்தாள். பெரிய குறை, அதாவது மேஜர், ஒன்று வரைக்கும் பாஸ், இரண்டு என்றால் பெயில்; சின்னதுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. (இதை நான் புனையவில்லை. அந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டினாள், எங்கள் ஆபீஸ் படிவத்தின் முதுகில் எழுதியிருந்தது.)

கிரிட்டிக்கல்: இல்லை.
மேஜர்: 1. தம்பியோடு சண்டை போட்டு இரண்டு வருடம் பேசவில்லை.
மைனர்: குறட்டை. சமையலில் உப்புக் கூடுதல். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துவார்.

"பாஸ்தானேக்கா?" என்றேன்.

"பாஸ்தானுங்க சார். ஆனா பாஸ் ஆன சரக்குலதான கம்ப்ளெய்ன்ட் வருது? பாக்காத நூறு வீட்டுல என்ன இருக்குதோ."

7

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். எழுதுகிறவன் கொஞ்சம் யோசிக்கிற இடம் இது.)

ஆறாயிரம் பனியனில் நான் இருநூறைப் பிரித்துப் பார்க்கிறேன். 'சரக்கு சரி' என்று எழுதுகிறேன். இருநூறு பற்றித் தெரியும். மிச்சம் ஐயாயிரத்து எண்ணூறு பற்றி நம்புகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துதான். உறுதி என்பதைக் கொஞ்சம் பெருக்கினால் நம்பிக்கை ஆகும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இருநூறுக்குப் பதில் ஆயிரம் பார்த்தால் நம்பிக்கை கூடும், ஆறாயிரமும் பார்த்தால் நிறைந்துவிடும் என்று.

அது தப்பு. ஆறாயிரமும் பார்த்துவிட்டால் நம்புவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நம்பிக்கைக்குப் பிரிக்காத பெட்டி ஒன்றாவது வேண்டும்.

அந்த வருடம் ஊரே அப்படித்தான் இருந்தது. ஜனவரியில் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா, அதாவது அளவுக் கட்டுப்பாடு, போகிறது, ஆர்டர் கொட்டும் என்று எல்லோரும் மெஷின் வாங்கிப் போட்டார்கள். கொட்டும் என்பதை யாரும் வெட்டி எடை போட்டுப் பார்க்கவில்லை. தெருவெல்லாம் புது மெஷின் பெட்டிகள். நான் பார்த்த திருப்பூரில் அதுதான் சந்தோஷமான திருப்பூர்.

சரி, கோயிலுக்குப் போவோம்.

8

சித்ரகலாவின் அக்கா பழனாத்தாள் சேவூரில் தோட்டம் பார்க்கிறவர். தங்கை தவிப்பதைப் பார்த்து, "நீ என்னத்துக்கு அம்மணி ஊரு ஊராப் போயி விசாரிக்கற? ஆத்தாகிட்டப் பூக் கேட்டர்லாம்" என்றார்.

பூக்கேட்பது கொங்கில் வழக்கம். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. சாமி முன்னால் வைத்துவிட்டு, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சு அத்தோடு சரி. சிவப்பு வந்தால் ஆறுச்சாமியிடம் இனி பேசுவதில்லை என்று சித்ரகலா அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சம்மதித்தாள், ஆனால் மூன்று நிபந்தனை போட்டாள். பொட்டலம் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக ஆறுச்சாமி ஒரே ரோலிலிருந்து வெட்டிய இரண்டு வட்டத் துணிகளை எடை போட்டுக் கொண்டுவந்தாள். எடுக்கிற ஆள் அசலூராக இருக்க வேண்டும். மூன்றாவது, பூவைக் கட்டும்போது கூட நின்று பார்க்க வெளி ஆள் ஒருத்தர் வேண்டும்.

"சாமிகிட்டயே செக்கிங்கா?" என்றார் பழனாத்தாள்.

"சாமிய இல்லீங்கக்கா. மனுசங்களத்தான்."

அந்த வெளி ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இதமாக இருந்தது. ஆறுச்சாமி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தார். பழனாத்தாள் பூக்களையும் வட்டத் துணிகளையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். நான் செருப்பைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எங்கள் மேனேஜர். தூத்துக்குடிக்குப் போன கன்டெய்னரில் அட்டைப்பெட்டி மேல் கார்ட்டன் மார்க் தப்பாம். வேப்ப மரத்தடிக்குப் போய்க் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பொட்டலமும் அம்மன் காலடியில் இருந்தன.

[இந்த இடத்தை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் போனைக் கட் செய்துவிட்டு உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி எழுத ஆசை வருகிறது. நான்தான் எழுதுகிறேன், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் போன் ஒவ்வொரு தடவையும் அடிக்கிறது, நான் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன்.]

வெள்ளாடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா அந்தப் பக்கம் வந்தார். அசலூர்தான், பெயர் மருதாள் என்று பிறகு தெரிந்தது. பூசாரி கூப்பிட்டு, "ஒண்ண எடுங்க" என்றார். "எதுக்குங்க சாமி?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தார்.

வெள்ளரளி.

பழனாத்தாள் குலவை போட்டார். ஆறுச்சாமி கழுத்துப் பட்டனை ஒன்று கழற்றினார். மருதாளின் ஆடுகளில் ஒன்று தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றது, யாரும் விரட்டவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சித்ரகலா செக்கிங்கில் இல்லாமல் வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் முடிந்திருக்கும்.

9

அவள் கை நீண்டு இரண்டாவது பொட்டலத்தை எடுத்தது.

"இதையும் பிரிச்சுப் பாத்தர்றேனுங்க."

பூசாரி பதறிவிட்டார். "அது ஆகாதுங்க அம்மணி. கேட்டாச்சு, ஆத்தா குடுத்தாச்சு. மறுபொட்டலத்த யாரும் பிரிக்கறதில்லீங்க."

"பிரிச்சா என்னாகுமுங்க?"

"எனக்கெப்பிடீங்க தெரியும்? இதுவரைக்கும் யாரும் பிரிச்சதில்லியே."

பழனாத்தாள் திடீரென்று விளக்குத் திரியைத் தூண்ட ஆரம்பித்தார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆறுச்சாமி, "உங்க இஷ்டமுங்க" என்று மட்டும் சொன்னார். சித்ரகலாவின் விரல் முடிச்சு மேல் இருந்தது. உள்ளே செவ்வரளி இருந்தால் கல்யாணம். அதுவும் வெள்ளையாக இருந்தால் அக்கா ஏமாற்றியிருக்கிறார், ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை, இந்தப் பெண் மறுபடி யாரையும் நம்பப் போவதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சார், கட்டறப்ப நீங்க பாத்தீங்கள்ல? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்புதானுங்களே?"

நான் சொன்னேன்: "பாத்தேன்க்கா."

ஒரு பனியனைப் பார்க்கிற நேரம், மூன்று மூச்சு, என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கோயில் மணி தானாக ஆடியது என்று எழுத ஆசைதான். ஆடவில்லை, ஆடு மட்டும் மிரண்டது. பொட்டலத்தைப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆறுச்சாமியிடம் சொன்னாள்: "தை மாசம் வெச்சுக்கலாமுங்க."

கல்யாணத்தன்று அந்தப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட இருந்தா என்னைக்காச்சும் பிரிச்சுருவேன். நீங்கதான தேர்டு பார்ட்டி. சீல் பண்ணுன சாம்பிள் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

இதோ, எழுதுகிற மேசையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

10

முடிவு அ: நான் பிரிக்கிறேன். செவ்வரளி. என் பொய் ஐந்து வருடம் கழித்து உண்மையாகிறது. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

முடிவு ஆ: வெள்ளரளி. பழனாத்தாள் தங்கை மேல் வைத்த பாசத்தில் சாமியையே நம்பாமல் போய்விட்டார். நான் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.

முடிவு இ: பிரித்தால் உள்ளே பூவே இல்லை. (இலக்கியமாக இருக்கும் என்று நினைத்தேன். கருத்தம்மா கேட்டாள்: "பூ இல்லாம பொட்டலம் எப்படி உப்பலா இருக்கும்?")

மூன்றையும் எழுதிவிட்டு முடிச்சில் விரலை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். கடைசியில் பொட்டலத்தைப் பிரிப்பதைவிட உண்மையைச் சொல்வது சுலபம் என்று தோன்றி, சித்ரகலாவுக்குப் போன் போட்டேன்.

11

"அக்கா, ஒங்க கதைய எழுதிக்கிட்டிருக்கேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் பாக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து அந்தச் சிரிப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"தெரியுமுங்க சார்! கார்ட்டன் மார்க்கு, கார்ட்டன் மார்க்குன்னு மரத்தடியில நீங்க கத்துனது ஆத்தா காதுவரைக்கும் கேட்டுச்சு. அந்நேரம் எப்பிடீங்க பூவப் பாத்திருப்பீங்க?"

"தெரிஞ்சுமா பிரிக்காம விட்டீங்க?"

"நீங்க பொய் சொல்றப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அக்கா திரியத் தூண்டறதப் பாத்தேன். இவர் கம்முனு நிக்கறதப் பாத்தேன். நான் நல்லா இருக்கோணும்னு மூணு பேரும் அந்தத் தவி தவிச்சுட்டு நின்னீங்க. இதுக்கு மேல நான் என்னத்தச் செக் பண்றதுங்க?"

ஐந்து வருடமாக அவளுக்கு நான் ஒரு பொய்யான உறுதியைக் கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். என்னிடமிருந்து அவள் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

"அப்ப ஒங்க அக்காகிட்டக் கேக்கவே இல்லியா?"

"நான் கேக்கல. அவங்களும் சொல்லல. அஞ்சு வருசமாச்சுங்க சார், அரளியில கலர் நிக்குமா? இப்பப் பிரிச்சாலும் ரண்டும் ஒரே பழுப்புத்தான்."

பின்னால் ஆறுச்சாமியின் குரல் கேட்டது. "அம்மணி, கொழம்பு ஆறுதுங்க." அன்று ஞாயிற்றுக்கிழமை.

"வர்றேனுங்க" என்றாள் அவள். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கும் உப்புக் கூடத்தான் இருக்குமுங்க. மைனருங்க, பாஸ்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

12

முடிவு உங்களுடையது. வட்டத் துணி, வெள்ளை நூல், இரண்டு முடிச்சு. பொட்டலத்தை இந்தப் பக்கத்தின் அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். எனக்கு இனி அது வேண்டியதில்லை. பழுப்புக்குள்ளும் நிறம் கண்டுபிடிக்கிற கண் உங்களில் யாருக்காவது இருக்கலாம். பிரிக்கத் தோன்றினால் பிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம். அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு.